அனுப்பிய பின்னும் தொடரும் கடமை: மாணவர் பணிப்பயிற்சியின் அறம்

பல்கலைக்கழகம் தன் மாணவரைப் படிப்பின் ஒரு பகுதியாக மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ தொழிற்சாலைக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ அனுப்பி, அங்கே அன்றாடம் நடக்கும் வேலையில் பங்கெடுத்துக் கற்கச் செய்வது பணிப்பயிற்சி எனப்படும். மருத்துவத்தில் இது ஓராண்டுக் கட்டாயப் பயிற்சி. ஆசிரியர் கல்வியில் கற்பித்தல் பயிற்சி. சமூகப்பணிப் படிப்பில் களப்பணி. பொறியியலிலும் வணிகவியலிலும் இன்டர்ன்ஷிப். பெயர்கள் வேறானாலும் அமைப்பு ஒன்றுதான். கட்டணம் வாங்குவதும் மதிப்பெண் போட்டுப் பட்டம் தருவதும் பல்கலைக்கழகம். காலையில் வேலை சொல்லி மாலையில் கணக்குக் கேட்பது வேறொரு நிறுவனம். இரண்டு இடத்துக்கும் உரியவராகவும், எந்த இடத்திலும் முழு உரிமை இல்லாதவராகவும் நடுவில் நிற்பவர் மாணவர்.

கடிதம் அனுப்புவது, ஒப்பந்தம் போடுவது, வருகைப்பதிவு வாங்குவது என்று இதை நிர்வாக வேலையாகவே பலரும் பார்க்கிறார்கள். அந்த வேலைகளுக்கு அடியில் மூன்று தத்துவக் கேள்விகள் கிடக்கின்றன. செய்தால் மட்டுமே கிடைக்கும் அறிவு என்று ஒன்று உண்டா? அந்த அறிவுக்காக உழைப்பவர் மாணவரா, தொழிலாளரா? பிறர் கூரையின் கீழ் அவருக்கு நேர்வதற்கும், அவரால் பிறருக்கு நேர்வதற்கும் யார் பொறுப்பு? மூன்றாவது கேள்விக்குப் பல்கலைக்கழகம் ‘நாமே’ என்று விடை சொல்லும்போதுதான் முதல் இரண்டு கேள்விகளுக்கும் நல்ல விடை கிடைக்கிறது.

பட்டப்படிப்புக்குள் வந்த வழி

வேலையிடத்தில் கற்பது மிகப் பழைய வழக்கம். பட்டப்படிப்புக்குள் அது திட்டமிட்டு நுழைந்தது 20ஆம் நூற்றாண்டில். 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 27 பொறியியல் மாணவர்களைக் கொண்டு கூட்டுறவுக் கல்வி முறையைத் தொடங்கினார். வகுப்பறையும் பட்டறையும் மாறி மாறி வரும் முறை அது. 1957இல் தொடங்கிய கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் அந்த முறையையே தன் அடித்தளமாக்கிக்கொண்டது. பிரிட்டனில் இதே எண்ணம் ‘சாண்ட்விச்’ படிப்பாக வளர்ந்தது, கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் சாண்ட்விச் பொறியியல் படிப்புகளால் அந்தப் பெயர் தமிழ்நாட்டிலும் பழகிப்போனது. பிலானியின் பிட்ஸ் நிறுவனம் 1973இல் தொடங்கிய ‘பிராக்டிஸ் ஸ்கூல்’ திட்டம், மாணவர்களோடு ஆசிரியர்களையும் பயிற்சி நடக்கும் தொழிலகங்களில் அமர்த்தியது.

சமூகப்பணிக் கல்வியில் களப்பணி தொடக்கத்திலிருந்தே படிப்பின் உயிராக இருந்துவருகிறது. மும்பையில் 1936இல் தோன்றி இன்று டாட்டா சமூக அறிவியல் நிறுவனமாக விளங்கும் பள்ளியும், சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் நிறுவிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கும் அந்த மரபைச் சேர்ந்தவை. சமயக் கல்வியும் இதே திசையில் நகர்ந்தது. 1925இல் ஆன்டன் பாய்சன் என்ற கிறித்தவப் போதகர் இறையியல் மாணவர்கள் சிலரை மாசசூசெட்ஸின் உஸ்டர் அரசு மனநல மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று நோயாளிகளிடையே பணியாற்றச் செய்தார். மருத்துவமனைகளில் இன்று உலகெங்கும் நடக்கும் ஆற்றுப்படுத்தும் சமயப்பணிக்கான பயிற்சி அங்கிருந்து வளர்ந்ததே.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இளநிலைப் படிப்புகள் அனைத்திலும் இன்டர்ன்ஷிப்புக்கு இடம் கேட்டது. சில தொழிற்படிப்புகளுக்கு மட்டும் உரியதாக இருந்த ஏற்பாடு கலைக் கல்லூரி மாணவர் வரை வந்துவிட்டது. பயிற்சி பெருகிய வேகத்தில் அதைப் பற்றிய சிந்தனையும் பெருக வேண்டியிருக்கிறது.

செய்து அறிவது

அரிஸ்டாட்டில் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலில் அறிவை வகைப்படுத்துகிறார். மாறாத உண்மைகளை அறிவது ஒரு வகை. ஒரு பொருளை உருவாக்கும் கைத்திறன் இன்னொரு வகை. இந்த வேளையில், இந்த மனிதரிடத்தில் எது தக்க செயல் என்று கண்டு நடக்கும் நடைமுறை விவேகம் வேறொரு வகை. கட்டடம் கட்டிக் கட்டித்தான் ஒருவர் கட்டுநராகிறார், நேர்மையாக நடந்து நடந்துதான் நேர்மையாளராகிறார் என்பது அவர் நிலை. இளம் வயதில் கணிதத்தில் தேர்ந்துவிட முடியும், விவேகத்தில் தேர முடியாது என்றும் அவர் காண்கிறார். தனித்தனி நிகழ்வுகளோடு நெடுநாள் பழகித்தான் விவேகம் முதிர்கிறது.

20ஆம் நூற்றாண்டில் கில்பர்ட் ரைல் 1949இல் வெளிவந்த தம் நூலில், ஒன்று உண்மை என்று அறிவதையும் ஒன்றை எப்படிச் செய்வது என்று அறிவதையும் பிரித்தார். இரண்டாவது அறிவு முதல் அறிவைப் பயன்படுத்துவது மட்டுமே என்ற எண்ணத்தை அவர் மறுத்தார். விதியைப் பயன்படுத்தவும் ஒரு விதி வேண்டுமென்றால், அந்த விதிக்கு இன்னொரு விதி வேண்டியிருக்கும். அந்தத் தொடருக்கு முடிவே இராது. மைக்கேல் பொலானி 1966இல் இன்னும் ஒரு படி சென்றார். திறமையாளரின் அறிவில் பெரும்பகுதி அவரால் சொல்லில் எடுத்துவைக்க முடியாதது என்றார் அவர்.

சமூகப்பணி மாணவி ஒருவர் குடிநோய்ச் சிகிச்சை மையத்தில் நோயாளியின் மனைவியோடு முதன்முறை பேச அமர்வதை நினைத்துப் பார்க்கலாம். எதிரே இருப்பவரைக் குறைகூறாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும், இரகசியம் காக்க வேண்டும் என்ற நெறிகள் அவருக்கு மனப்பாடம். எப்போது கேள்வி கேட்பது, எப்போது பேசாமல் காத்திருப்பது, அழுகை எப்போது ஆறுதலைத் தேடுகிறது, எப்போது தனிமையைத் தேடுகிறது என்பதைப் பாடநூல் சொல்லித்தராது. மூத்த பணியாளர் அருகிலிருந்து செய்வதைப் பார்த்து, தானே செய்து, தவறி, அந்தத் தவறைப் பேசித் தெளிந்துதான் அது வரும்.

இதிலிருந்து ஒரு முடிவு பிறக்கிறது. சொல்லில் அடங்காத அறிவு, தேர்ந்தவரின் அருகிலிருந்துதான் தொற்றிக்கொள்ளும். ஆகவே, தேர்ந்தவர் அருகில் இல்லாத பணிப்பயிற்சியில் அந்த அறிவுக்கு ஊற்று இல்லை. மாணவருக்கு ஒரு மேசையும் கணினியும் கொடுத்துத் தனியறையில் உட்கார வைத்துவிட்டு மாத முடிவில் சான்றிதழ் கொடுக்கும் நிறுவனத்தில் நாள்கள் கழியும், கற்றல் நடக்காது.

அனுபவம் எல்லாம் கல்வியாகாது

ஜான் டூயி அனுபவத்தைக் கல்வியின் மையத்தில் வைத்தவர். எல்லா அனுபவமும் கல்வியாகாது என்று 1938இல் எச்சரித்தவரும் அவரே. சில அனுபவங்கள் மேலும் வளர்வதற்கான வழியையே அடைத்துவிடும். முதல் பணியிடத்தில் ஏளனத்தையும் சலிப்பையும் மட்டும் கண்ட மாணவர், அந்தத் தொழிலே இப்படித்தான் என்ற முடிவோடு திரும்புகிறார். அவரும் அனுபவம் பெற்றவர்தான். அந்த அனுபவம் அவரைச் சுருக்கிவிட்டது.

எது வளர்க்கும், எது சுருக்கும் என்பதற்கு ஜீன் லேவும் எட்டியன் வெங்கரும் 1991இல் வெளியிட்ட நூல் தெளிவான சான்றுகள் தருகிறது. லைபீரியாவின் வை, கோலா இனத் தையற்காரர்களிடம் பயில்பவர், ஆடை தைக்கப்படும் வரிசைக்கு நேரெதிர் வரிசையில் கற்கிறார். பொத்தான் தைத்தல், ஓரம் மடித்தல் போன்ற கடைசி வேலைகள் முதலில் வருகின்றன. துணி வெட்டுவது இறுதியில். முடிந்த ஆடை முழுவதும் கண்முன் இருக்க, சிறு வேலையிலிருந்து தொடங்குவதால் ஒவ்வொரு படியின் காரணமும் அவருக்கு விளங்குகிறது. கெட்டுப்போகும் துணியும் குறைவு. அதே நூல் அமெரிக்கச் சூப்பர் மார்க்கெட்டுகளில் இறைச்சி வெட்டும் தொழில் பயில்பவர்களைப் பற்றியும் பேசுகிறது. சில கடைகளில் அவர்கள் பொட்டலம் கட்டும் இயந்திரத்தின் அருகே நிறுத்தப்பட்டார்கள்; தேர்ந்தவர்கள் இறைச்சி வெட்டும் இடம் அவர்கள் கண்ணுக்கே எட்டவில்லை. இரண்டு இடத்திலும் தொடக்கநிலையாளருக்குக் கிடைத்தது சிறு வேலைதான். ஒரு சிறு வேலை முழுத் தொழிலை நோக்கித் திறந்திருந்தது, மற்றது மூடியிருந்தது.

மாணவருக்கு நகலெடுக்கும் வேலை கொடுத்தாலே குற்றம் என்று சொல்லிவிட முடியாது என்பதும் இதனால் தெரிகிறது. அந்தத் தாள் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று காட்டி, நாளடைவில் கடினமான வேலைக்கு ஏற்றிவிட்டால் அது கல்வி. ஆறு வாரமும் நகலெடுப்பதே வேலை என்றால் அது சுரண்டல்.

உழைப்பு கல்வியாவதும் கல்வி உழைப்புச் சுரண்டலாவதும் எவ்வளவு நெருக்கமானவை என்பதை இந்திய வரலாறு இருமுறை கண்டது. 1937இல் வார்தா மாநாடு ஏற்ற காந்தியின் ஆதாரக் கல்வி, கைத்தொழில் வழியே எல்லாப் பாடங்களையும் கற்பிக்க விரும்பியது. அந்தத் தொழிலின் வருவாயே பள்ளிச் செலவைத் தாங்க வேண்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. பாடத்திட்டம் வகுத்த ஜாகிர் உசேன் குழு, வருவாய் நோக்கம் மேலோங்கினால் கல்வி நோக்கம் பலியாகிவிடும் என்று எச்சரித்தது. 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதிப் பொழுதில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று அதைப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கடுமையாக எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த எதிர்ப்பு முன்வைத்த கேள்வி இன்றைய பணிப்பயிற்சிக்கும் பொருந்தும். வேலை வழியே கற்பது நல்லது என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த வேலை, அது மாணவரை எங்கே கொண்டுசேர்க்கிறது, அவர் பிறந்த இடத்திலேயே அவரைக் கட்டிப்போடுகிறதா, அங்கிருந்து வெளியேற வழி திறக்கிறதா என்று கேட்க வேண்டும்.

மாணவரா, தொழிலாளரா

இந்தக் கேள்விக்குச் சட்டமே இரு குரலில் பேசுகிறது. இந்தியாவின் 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர் என்கிறது. பொதுவான தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றில் அவரைத் தொழிலாளரைப் போலவே நடத்தச் சொல்கிறது. வேலையிடத்தில் காயம்பட்டால் வேலையளிப்பவர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பயிற்சி பெறுபவரையும் பழகுநரையும் பணியாளர் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. கூலிக்கு அவர் தொழிலாளர் அல்லர்; உடலுக்கும் மானத்துக்கும் ஆபத்து வரும்போது தொழிலாளருக்கு உள்ள காப்பு அவருக்கும் உண்டு என்பதே இந்தச் சட்டங்களின் சாரம்.

அமெரிக்க நீதிமன்றங்கள் வேறு வழியில் தேடின. 1947இல் போர்ட்லண்ட் டெர்மினல் ரயில்வே வழக்கில், தம் நலனுக்காகவே சில நாள் பயிற்சி பெற்றவர்கள் கூலிச் சட்டப்படி பணியாளர் ஆகார் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2015இல் ஃபாக்ஸ் சர்ச்லைட் திரைப்பட நிறுவனத்தின் சம்பளமில்லா இன்டர்ன்கள் தொடுத்த வழக்கில், இந்த உறவால் முதன்மையாகப் பயனடைவது யார் என்பதே அளவுகோல் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்தது. பயிற்சி பாடத்திட்டத்தோடு இணைந்திருக்கிறதா, சம்பளம் பெறும் பணியாளர் செய்ய வேண்டிய வேலையை அது பறிக்கிறதா என்பவை அந்த அளவுகோலின் கூறுகள்.

பயனை எடைபோடுவது வழக்கைத் தீர்க்க உதவும். அறக்கேள்வியை அது தீர்ப்பதில்லை. இங்கே 1785இல் இம்மானுவேல் கான்ட் வகுத்த நெறி தெளிவு தருகிறது. எந்த மனிதரையும் வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது. அவரை எப்போதும் ஒரு நோக்கமாகவும் மதிக்க வேண்டும். ‘மட்டும்’ என்பதில்தான் நெறியின் நுட்பம் இருக்கிறது. மாணவரின் உழைப்பால் மருத்துவமனையும் பள்ளியும் பயனடைவதில் தவறில்லை. தன் வேலை உண்மையில் ஒருவருக்குப் பயன்பட்டது என்ற உணர்வே மாணவருக்குக் கிடைக்கும் பெரிய கல்வி. அவர் கற்கிறாரா என்ற கவலை அந்த இடத்தில் யாருக்குமே இல்லாதபோதுதான் அவர் வெறும் கருவியாகிறார்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மாணவர்கள் நாளை வராவிட்டால் நிறுவனத்தின் அன்றாட வேலை நின்றுபோகுமா என்று கேட்கலாம். நின்றுபோகும் என்றால் அங்கே ஒரு சம்பளப் பணியிடம் காலியாகக் கிடக்கிறது. அதை மாணவர் நிரப்புகிறார். அரசு மருத்துவமனைகளின் இரவுப் பணியைப் பயிற்சி மருத்துவர்கள் தாங்குவது எல்லாரும் அறிந்ததே. அங்கே மாத உதவித்தொகை தருவது கருணை ஆகாது. நடக்கும் உழைப்பை உள்ளபடி ஒப்புக்கொள்வது அது. கலை, ஊடகம், தொண்டு ஆகிய துறைகளிலும் இந்த ஒப்புதல் வர வேண்டும்.

பொறுப்பு எங்கே நிற்கிறது

மாணவர் பயிற்சியிடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் பொறுப்பும் கைமாறிவிட்டது என்பது பரவலான எண்ணம். இந்தியச் சட்டநெறி அதை ஏற்கவில்லை. உயர்கல்வி நிறுவனங்களில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் வகுத்த ஒழுங்குமுறைகள், வளாகம் என்பதைச் சுற்றுச்சுவரோடு நிறுத்தவில்லை. களப்பயணம், இன்டர்ன்ஷிப், குறுகிய காலப் பணிப்பயிற்சி ஆகியவற்றுக்காக மாணவர் செல்லும் இடங்களும் அவற்றின்படி விரிந்த வளாகமே. மாணவர் போகும் இடமெல்லாம் பல்கலைக்கழகத்தின் கடமையும் உடன் போகிறது.

இந்த எண்ணத்தின் வேர் மிகப் பழையது. பௌத்தரின் தீக நிகாயத்தில் உள்ள சிகாலோவாத சுத்தம், ஆசிரியர் மாணவருக்குச் செய்ய வேண்டியவை ஐந்து என்று வகுக்கிறது. நன்றாகப் பழக்குவது, நன்றாக மனத்தில் பதியவைப்பது, கலைகளை மறைக்காமல் கற்பிப்பது என்பவை முதல் மூன்று. நண்பர்களுக்கும் தோழர்களுக்கும் மாணவரை அறிமுகப்படுத்துவது நான்காவது. எல்லாத் திசைகளிலும் அவருக்குப் பாதுகாப்பு அமைத்துத் தருவது ஐந்தாவது. பணிப்பயிற்சி என்பது நான்காவது கடமையின் இன்றைய வடிவம்: தன் நற்பெயரைப் பிணையாக வைத்துப் பல்கலைக்கழகம் மாணவரை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்துகிறது. அறிமுகத்தை அடுத்தே பாதுகாப்பு வருவதில் ஆழ்ந்த நியாயம் உண்டு. மாணவர் வெளி நிறுவனத்தின் படியைத் தாண்டியது ஆசிரியரின் சொல்லை நம்பித்தான். அனுப்பிவைத்த கையே அங்கு அவருக்கு அரணாகவும் இருக்க வேண்டும்.

பௌத்தத் துறவியரின் ஒழுக்க விதிகளான விநயமும் இதே திசையில் செல்கிறது. புதிதாகத் துறவு பூண்டவர், திறமையுள்ளவராயினும், ஐந்து ஆண்டுகள் ஓர் ஆசிரியரைச் சார்ந்து வாழ வேண்டும். மாணவர் நோயுற்றால் ஆசிரியர் பணிவிடை செய்ய வேண்டும் என்பதும் அங்கே விதி. சார்ந்திருப்பது கற்பவருக்கு இழிவாகாது; தன் காலில் நிற்பதற்கு முன் கடக்க வேண்டிய பருவம் அது.

மேற்பார்வை என்னும் கற்பித்தல்

இந்தக் கடமை நடைமுறையில் என்ன வடிவம் எடுக்கும் என்பதற்கு முதுகலைச் சமூகப்பணிப் படிப்பின் (எம்.எஸ்.டபிள்யூ.) களப்பணி நல்ல எடுத்துக்காட்டு. வாரத்தில் சில நாள் வகுப்பு, சில நாள் நிறுவனத்தில் பணி. படிப்பின் இறுதியில் தொடர்ச்சியாகச் சில வாரங்கள் ‘பிளாக் பிளேஸ்மென்ட்’. நிறுவனத்தில் ஒரு மேற்பார்வையாளர், கல்லூரியில் ஒரு மேற்பார்வையாளர் என இருவர். மாணவர் ஒவ்வொரு களப்பணி நாளுக்கும் அறிக்கை எழுதுகிறார். அதைப் படித்து ஆசிரியர் தனியே உட்கார்ந்து பேசுவது தனிநபர் கலந்துரையாடல். பல மாணவர் சேர்ந்து பேசுவது குழுக் கலந்துரையாடல்.

இந்த ஏற்பாட்டில் கற்பித்தல் நடக்கும் இடம் அந்தக் கலந்துரையாடல்தான். செயலுக்கு நடுவிலும் செயலுக்குப் பின்னும் தன் செயலைத் திரும்பிப் பார்ப்பதே தொழில்வல்லுநரின் அடையாளம் என்று டொனால்ட் ஷோன் 1983இல் எழுதினார். அப்படித் திரும்பிப் பார்க்கத் துணை வேண்டும். நடந்ததை அஞ்சாமல் சொல்லக்கூடிய ஒருவர் எதிரே இருந்தால்தான் மாணவர் தன் தடுமாற்றத்தைப் பாடமாக மாற்றுவார். அறிக்கையில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பும் ஆசிரியர், வகுப்புக்கு வராத ஆசிரியருக்குச் சமம்.

மேற்பார்வை மாணவர் புறப்படும் முன்பே தொடங்குகிறது. அங்கே பொறுப்பேற்கப்போகிறவர் யார், என்ன வேலை, எத்தனை மணி நேரம், போய்வர வழி என்ன, இரவாகுமா, கழிப்பறை உண்டா, தங்குமிடம் பாதுகாப்பானதா என்று ஒருவர் நேரில் பார்த்துவர வேண்டும். மாணவர், கல்லூரி, நிறுவனம் ஆகிய மூவரும் ஒப்புக்கொண்டதை எழுத்தில் வைக்க வேண்டும். பயிற்சி நடக்கும்போது ஆசிரியர் அங்கே செல்ல வேண்டும். சிக்கல் வந்தால் யாரை அழைப்பது என்பது முதல் நாளே மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அழைப்பை எடுக்க ஒருவர் இருக்க வேண்டும். ஒரே ஆசிரியருக்கு இருபது வகுப்பும் அறுபது பயிற்சி மாணவர்களும் கொடுத்துவிட்டு இவற்றை எதிர்பார்ப்பது அநீதி. களப்பணி மேற்பார்வையை முழுக் கற்பித்தல் நேரமாகக் கணக்கிடாத கல்லூரி, மாணவரையும் ஆசிரியரையும் சேர்த்தே கைவிடுகிறது.

மூன்றாமவரின் உரிமை

பணிப்பயிற்சியில் இன்னொருவரும் இருக்கிறார்: நோயாளி, பள்ளிக் குழந்தை, உதவி தேடி வந்த குடும்பம். மாணவர் கற்பது அவர்கள் மீது. முதல் முறை ஊசி போடும் கைக்கு ஒரு கை நீள வேண்டியிருக்கிறது. யாருமே அனுமதிக்காவிட்டால் அடுத்த தலைமுறைக்கு மருத்துவர்களே இருக்க மாட்டார்கள். ஆகவே இது சமூகம் முழுவதும் சுமக்க வேண்டிய சுமை. நடைமுறையில் அதை அரசு மருத்துவமனைக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் ஏழைகளே மிகுதியாகச் சுமக்கிறார்கள் என்பது பயிற்சி நடத்தும் எவரும் மறக்கக்கூடாத உண்மை.

இதிலிருந்து மூன்று கடமைகள் எழுகின்றன. எதிரே இருப்பவர் மாணவர் என்று அந்த மனிதருக்குச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடம் வேண்டும். அப்படிச் சொன்னால் சிகிச்சையில் குறை வரலாகாது. மாணவர் தன் எல்லை தாண்டாதபடி தேர்ந்தவர் அருகில் இருக்க வேண்டும். ‘எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்’ என்று மாணவர் தயங்காமல் சொல்லும் சூழல் வேண்டும். தெரியாததை மறைக்கும்படி மாணவரை அச்சுறுத்தும் இடம் நோயாளிக்கும் ஆபத்தான இடம்.

பாய்சனின் பார்வை இங்கே வழிகாட்டுகிறது. அவரே 1920இல் கடும் மனநோயால் மருத்துவமனையில் இருந்தவர். துன்புறும் மனிதர் ஒவ்வொருவரையும், மறைநூலைப் படிக்கும் அதே கவனத்தோடும் பணிவோடும் மாணவர்கள் படிக்க வேண்டும் என்று அவர் கருதினார். அந்தப் பணிவுதான் அவர் வழியின் உயிர். பணிவு நீங்கினால் மனிதர் வெறும் ‘கேஸ்’ ஆகிவிடுவார். மாணவர் ஏட்டில் நிரப்ப வேண்டிய ஒரு பக்கமாகிவிடுவார். கற்பவர் வெறும் கருவியாகக்கூடாது என்ற அதே நெறி, கற்க உதவுபவருக்கும் உரியது.

யாருக்கு எந்த இடம்

நல்ல பயிற்சியிடங்கள் எப்போதும் குறைவு. அவற்றைப் பங்கிடுவது நீதியின் கேள்வி. மாணவரே இடம் தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால், அப்பாவுக்குத் தெரிந்தவர் உள்ள மாணவருக்குப் பெரிய நிறுவனம் கிடைக்கும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவருக்குப் பெயருக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். சம்பளமில்லாமல் சென்னையிலோ பெங்களூருவிலோ இரண்டு மாதம் அறை எடுத்துத் தங்குவது எல்லாராலும் முடியாது. விடுமுறையில் வேலைக்குப் போய்த் தன் கல்லூரிக் கட்டணத்தைச் சேர்க்கும் மாணவருக்கு, இன்டர்ன்ஷிப் என்பது ஒரு வருமான இழப்பும்கூட.

எல்லாருக்கும் ஒரே விதியை நீட்டுவதால் இங்கே சமநீதி வந்துவிடாது. பயணச் செலவும் தங்கும் செலவும் தர நிதி ஒதுக்குவது, சொந்த ஊர் அருகே தரமான இடம் ஏற்படுத்துவது, சக்கர நாற்காலியில் வருபவருக்கும் பார்வையற்றவருக்கும் ஏற்ற இடத்தை முன்கூட்டியே பேசி வைப்பது, ஆங்கிலத் தயக்கத்தைத் திறமைக் குறைவாக எண்ண வேண்டாம் என்று நிறுவனத்துக்கு எடுத்துச் சொல்வது ஆகியவை பல்கலைக்கழகம் செய்ய வேண்டியவை. சாதி கேட்டு வேலை பிரிக்கும் இடம் எவ்வளவு புகழ் வாய்ந்ததாக இருந்தாலும் மாணவரை அனுப்பத் தகுந்த இடம் ஆகாது.

மதிப்பீடும் நேர்மையும்

பணிப்பயிற்சிக்கு மதிப்பெண் போடுவதில் ஒரு முரண் உண்டு. மாணவர் தன் தவறுகளை வெளிப்படையாக எழுத வேண்டும் என்று ஆசிரியர் கேட்கிறார். அதே ஏட்டுக்கு மதிப்பெண்ணும் அவரே போடுகிறார். தவறை எழுதினால் மதிப்பெண் குறையும் என்று தெரிந்த மாணவர், நடக்காத வெற்றிகளை எழுதத் தொடங்குகிறார். போகாத நாள்களுக்கு வருகைச் சான்று வாங்குவதும் கடையில் செய்து தரும் திட்ட அறிக்கையும் இந்த நோயின் முற்றிய நிலைகள். தொழிலின் முதல் பாடமாக மாணவர் பொய்யைக் கற்றுவிடுகிறார்.

இதற்கு வழி, எதற்கு மதிப்பெண் என்பதை மாற்றுவதுதான். குறையில்லாத செயலுக்கென்று இல்லாமல், நடந்ததை உள்ளபடி சொல்லி அதிலிருந்து என்ன தெளிந்தார் என்பதற்கு மதிப்பெண் தரலாம். அன்றாட ஏட்டை மதிப்பெண்ணிலிருந்து விலக்கி உரையாடலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பிறர் உயிருக்கு ஆபத்தான செயலும் மறைத்தலும் இதற்கு விலக்கு. அங்கே தகுதி உண்டு, இல்லை என்று உறுதியாகச் சொல்லும் கடமை ஆசிரியருக்கு உண்டு. இரக்கத்தால் தேர்ச்சி கொடுப்பது, அந்த மாணவரிடம் நாளை வரப்போகும் நோயாளிக்கு இழைக்கும் துரோகம்.

நிறுத்துதலும் நிறைவுசெய்தலும்

பயிற்சியிடத்தில் அவமதிப்போ துன்புறுத்தலோ உயிராபத்தோ நேர்ந்தால், பருவம் முடியும் வரை பொறுத்துக்கொள் என்று மாணவரிடம் சொல்வது கடமை தவறுதல். அவரை உடனே விலக்கி, படிப்புக்குக் குறைவு வராமல் வேறு இடம் தந்து, புகாரைப் பல்கலைக்கழகமே எடுத்து நடத்த வேண்டும். அடுத்த ஆண்டு இடம் கிடைக்காமல் போகுமே என்ற அச்சம் இங்கே பெரும் தடை. ஓர் இடத்தைக் காப்பாற்ற ஒரு மாணவரை விட்டுக்கொடுக்கும் நிறுவனம், அந்த இடத்தை எதற்காகத் தேடியது என்பதையே மறந்துவிடுகிறது. நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருந்து மாணவர் தவறியிருந்தால், அதை அவரிடம் நேராகச் சொல்லித் திருந்த வாய்ப்புக் கொடுப்பதும் அதே கடமையின் மறுபக்கம்.

நல்லபடி நடந்த பயிற்சியையும் முறையாக முடித்துவைக்க வேண்டும். வாரந்தோறும் வந்து பேசிய மாணவர் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிட்டால், அவரை நம்பிய முதியவருக்கும் குழந்தைக்கும் அது இன்னொரு கைவிடல். விடைபெறும் நாளை முன்பே சொல்லி, தொடர வேண்டிய பணியை அடுத்தவரிடம் ஒப்படைத்து, ஏடுகளில் உள்ள இரகசியங்களைக் காத்து, மேற்பார்வையாளரோடு கடைசி முறை உட்கார்ந்து பேசிவிட்டே மாணவர் வெளியேற வேண்டும். பல்கலைக்கழகமும் மாணவரிடம் அந்த இடத்தைப் பற்றிக் கேட்டு எழுதிவைத்து, அடுத்தவரை அங்கே அனுப்பலாமா என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு எடுக்கப்பட்டபின்தான் ஒரு மாணவரின் பணிப்பயிற்சி முடிந்ததாகக் கொள்ள முடியும்.